சூரிய வெளிச்சத்த மட்டுப்படுத்துற திட்டம்: சிங்கப்பூரும் வாயத் திறக்கணும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்க சொந்தக்காரங்க வாட்ஸப் குரூப்புல அப்பப்போ ஒரு படம் வந்துடும், நீல வானத்துல விமானம் போன பாதையில வெள்ளைக் கோடு, கீழ "மேல இருந்து மருந்து அடிக்கிறாங்க, மழைய நிறுத்துறாங்க, உடனே எல்லாருக்கும் ஷேர் பண்ணுங்க"ன்னு எழுதியிருக்கும். அது என்ஜின்ல இருந்து வர்ற நீராவி மேல இருக்குற குளிர்ல உறைஞ்சு கோடா நிக்குறதுதான். இதச் சொன்னா "பெரியப்பாவுக்கு எல்லாம் தெரியும்"னு ஒரு சிரிப்பு பொம்மை வரும், சரி போகட்டும். எனக்கு வருத்தம் வேற. இந்த மாதிரி புரளிய தள்ளிவிடுற வேகத்துல நிஜமாவே நடந்துகிட்டு இருக்குற ஒரு விஷயத்தையும் சேத்து தள்ளிவிட்டுடுறோம். சூரிய வெளிச்சத்துல கொஞ்சத்த திருப்பி அனுப்பி பூமிய குளிர வைக்க முடியுமான்னு பெரிய பெரிய பல்கலைக்கழகங்கள்ல ஆராய்ச்சி நடக்குது, அரசாங்கங்க காசு போடுது, இதையே தொழிலா பண்ண கம்பெனியும் வந்தாச்சு. ஜியோஇன்ஜினியரிங்னு சொல்றாங்க, புவிப்பொறியியல்னு தமிழ்ல எழுதுறாங்க. நம்ம தமிழ்ப் பேப்பர்ல இத பத்தி விலாவாரியா ஒரு விவாதம் வரணும்னுதான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமா போச்சு, வெட்டிப் போடணும்னா வெட்டிக்குங்க.

நான் விஞ்ஞானி கிடையாது. பங்கர் பார்ஜுல கார்கோ ஆபிசரா இருந்து ஓய்வு பெத்தவன், அதாவது நம்ம துறைமுகத்துக்கு வர்ற கப்பலுக்கு எண்ணெய் ஊத்துற வேலை. சம்பந்தம் இல்லாத ஆள் ஏன் பேசுறான்னு நினைக்க வேண்டாம், சம்பந்தம் இருக்கு, பின்னாடி சொல்றேன்.

இந்த யோசனைக்கு மூலம் ஒரு எரிமலை. 1991 ஜூன்ல பிலிப்பைன்ஸ்ல பினாட்டுபோ வெடிச்சப்போ ஒன்றரை கோடியில இருந்து ரெண்டு கோடி டன் கந்தக டை ஆக்சைடு மேல போச்சு, மழை மேகத்துக்கெல்லாம் மேல இருக்குற ஸ்ட்ராட்டோஸ்பியர்ங்குற அடுக்குக்கே போயிடுச்சு. கீழ இருக்குற தூசிய மழை ஒரு வாரம் பத்து நாள்ல கழுவி எறக்கிடும், மேல மழையே இல்ல, அதனால அந்த கந்தகம் பொடிப்பொடியான அமிலத் துளியா மாறி உலகம் முழுக்க பரவி ஒண்ணு ரெண்டு வருஷம் தங்கிடுச்சு, சூரிய வெளிச்சத்துல ஒரு பங்க திருப்பி அனுப்பிச்சு, அடுத்த வருஷம் உலகத்தோட சராசரி வெப்பம் ஏறக்குறைய அரை டிகிரி குறைஞ்சுது. அரை டிகிரின்னா சும்மா இல்ல, தொழிற்புரட்சி காலத்துல இருந்து இப்ப வரைக்கும் ஏறினதே ஒன்றரை டிகிரி கிட்டதான், 2024ல 1.55 டிகிரின்னு உலக வானிலை அமைப்பு சொல்லியிருக்கு. எரிமலை தானா பண்ணினத விமானத்த விட்டு நாம வருஷா வருஷம் பண்ணினா என்ன, அதுதான் திட்டத்தோட சாரம். 2006ல பால் குருட்சன் இத வெளிப்படையா எழுதினப்பதான் பேச்சு சூடு பிடிச்சுது, ஏன்னா அவர் ஓசோன் படல ஆராய்ச்சிக்காக 1995ல நோபல் வாங்கினவர், கிறுக்கன்னு யாரும் ஒதுக்க முடியாது. அவரும் ஆசையா எழுதல, நாடுங்க புகைய குறைக்குற லட்சணத்தப் பாத்து நொந்துபோய் எழுதினார்.

அவருக்கு முன்னாடியே, 2000லயே, கோவிந்தசாமி பாலாங்குற நம்மாளு அமெரிக்காவுல கென் கால்டீராங்குற பருவநிலை விஞ்ஞானியோட சேர்ந்து கம்ப்யூட்டர் மாடல்ல இத போட்டுப் பாத்திருக்கார், இப்போ பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துல பேராசிரியர். கரியமில வாயு ரெண்டு மடங்கானாலும் சூரிய வெளிச்சத்த ரெண்டு சதவீதத்துக்கும் கம்மியா குறைச்சா வெப்பம் பழைய நிலைமைக்கு கிட்ட வந்துடும்னு கணக்கு வந்துச்சு. ஆனா அதே பாலா குழுவோட 2008 ஆய்வுல இன்னொண்ணு தெரிஞ்சுது, வெப்பத்த முழுசா ஈடுகட்டினா மழை பழைய அளவுக்கும் கீழ போயிடும். காரணம் சுலபம்தான், தண்ணி ஆவியாகுறதுக்கு தரையில விழுற வெளிச்சம் முக்கியம், வெளிச்சத்த குறைச்சா ஆவி குறையும், ஆவி குறைஞ்சா மழை குறையும். நம்ம வீட்டு ஏர்கான் ரூம குளிர வச்சுட்டு சூட்ட அடுத்த வீட்டு சன்னல் பக்கம் தள்ளுதே, அந்த மாதிரி எங்கயோ ஒரு இடத்துல குளிர்ச்சி, எங்கயோ ஒரு இடத்துல அதோட பாரம்.

சரி செலவு ரொம்ப ஆகும், யாரும் பண்ண மாட்டாங்கன்னு நினைச்சா அங்கதான் பயமே. 2018ல போட்ட ஒரு கணக்குப்படி முதல் 15 வருஷத்துக்கு ஆண்டுக்கு 225 கோடி அமெரிக்க டாலர் மாதிரிதான் ஆகும். நம்ம சின்ன சிங்கப்பூரோட ஒரு வருஷ பாதுகாப்பு பட்ஜெட் 2,000 கோடி வெள்ளிக்கும் மேல, அதுல சின்ன பங்குதான் இது. சாதாரண பயணி விமானம் 10, 12 கிலோமீட்டர் உயரத்துல பறக்குது, இதுக்கு 20 கிலோமீட்டர் உயரம் போற தனி விமானம் செய்யணும், அதுவும் அப்படியொண்ணும் முடியாத காரியம் இல்லங்குறாங்க. அப்போ நடுத்தர வசதி இருக்குற ஒரு நாடு தனியா முடிவு பண்ணி ஆரம்பிச்சிடலாம், மத்த நாடெல்லாம் கீழ நின்னு பாத்துகிட்டு இருக்கணும்.

இப்போ என் தொழிலுக்கு வர்றேன். உலகத்துலயே அதிகமா கப்பல் எண்ணெய் விக்கிற துறைமுகம் நம்மளுது, 2024ல மட்டும் 5 கோடியே 49 லட்சம் டன். முன்னாடியெல்லாம் நாங்க ஊத்தினது 380ங்குற கனமான எண்ணெய், தார் மாதிரி கறுப்பு, சூடு பண்ணினாத்தான் பம்புல ஓடும், டேங்க் மூடியத் திறந்தா அழுகின முட்டை நாத்தம், அது கந்தகத்தோட நாத்தம். ஹோஸ மாட்டி பம்பிங் ஆரம்பிச்ச நிமிஷத்துல இருந்து முடியற வரைக்கும் ஹோஸ் வந்து சேருற மேனிஃபோல்டுங்குற குழாய் வாயில ஒரு சின்ன குழாய் வழியா சாம்பிள் எண்ணெய் சொட்டிகிட்டே இருக்கும், முடிஞ்சதும் அத நல்லா குலுக்கி பாட்டில் பாட்டிலா பிரிச்சு, சீல் போட்டு நம்பர் எழுதி, கப்பலுக்கு ஒண்ணு பார்ஜுக்கு ஒண்ணு சர்வேயருக்கு ஒண்ணுன்னு குடுக்கணும், நாளைக்கு தகராறு வந்தா அந்த பாட்டில்தான் சாட்சி. டெலிவரி நோட்டுல கந்தகம் எத்தனை சதவீதம்னு ஒரு கட்டம் இருக்கும். 2019 கடைசி வரைக்கும் அதுல 3.5 வரைக்கும் இருக்கலாம். 2020 ஜனவரி 1ல இருந்து 0.5க்கு மேல போகக் கூடாதுன்னு ஐஎம்ஓ, அதான் ஐநா கடல்சார் அமைப்பு, உலகம் முழுக்க சட்டம் போட்டுடுச்சு. அதுக்கு முந்தின மாசங்கள்ல பார்ஜ் டேங்குங்கள கழுவி கழுவியே எங்களுக்கு இடுப்பு போச்சு, அத தனியா எழுதலாம்.

சட்டம் போட்டது துறைமுகத்து பக்கம் வாழுற ஜனங்களோட நுரையீரலுக்காக, அது நல்ல சட்டம், அதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல. ஆனா பக்கவிளைவு ஒண்ணு இருந்துச்சு. கப்பல் புகையில இருக்குற கந்தகத் துகள்ங்கள சுத்தி மேகத் துளி உருவாகும், துளி பொடிசா நிறைய இருந்தா மேகம் வெள்ளையா பளிச்சுன்னு இருக்கும், வெளிச்சத்த அதிகமா திருப்பி அனுப்பும். சாட்டிலைட் படத்துல கப்பல் போன வழியெல்லாம் வெள்ளைக் கோடா மேகம் தெரியும். கந்தகம் முக்கால் பங்கு கொறஞ்சதும் அந்தக் கோடுங்களும் கொறஞ்சிடுச்சு, அந்த அளவுக்கு கடல் மேல வெயில் கூடிடுச்சு. எவ்வளவு சூடு ஏறிச்சுங்குறதுல சண்டை நடக்குது, நூத்துல அஞ்சு பங்கு டிகிரி மாதிரிதான்னு சில ஆய்வு, அமெரிக்க பருவநிலை விஞ்ஞானி ஜேம்ஸ் ஹேன்சன் மாதிரி ஆளுங்க அதவிட ரொம்ப அதிகம்ங்குறாங்க. மின்னல் கணக்கு இன்னும் ஆச்சரியம். நம்ம பக்கத்துக் கடல்ல, மலாக்கா நீரிணைக்கு வர்ற பாதையிலயும் தென்சீனக் கடல் பாதையிலயும், கப்பல் வழிக்கு நேர் மேல மட்டும் சுத்துப்பட்ட கடல விட ரெண்டு மடங்கு கிட்ட மின்னல் அடிக்குதுன்னு 2017ல கண்டுபிடிச்சாங்க. 2020 சட்டத்துக்கு அப்புறம் பாத்தா சிங்கப்பூருக்கு வர்ற அந்த வழியில மின்னல் பாதி கிட்ட கொறஞ்சிருக்கு.

இத ஏன் இவ்வளவு நீட்டி சொல்றேன்னா, "வானத்துல கை வைக்குறது பாவம், கடவுள் வேலையில தலையிடக் கூடாது"ன்னு சொல்றவங்களுக்கு என் பதில் இதுதான். நாம ஏற்கனவே கை வச்சாச்சு. வருஷக்கணக்கா யார்கிட்டயும் கேக்காம, நமக்கே தெரியாம, எண்ணெய் கப்பல் வழியா மேகத்த மாத்திகிட்டுதான் இருந்தோம், அதுல என் கையும் இருக்கு, அந்த ஹோஸ மாட்டினவன் நான். அதனால ஆராய்ச்சியே வேண்டாம், பேசவே கூடாதுங்குற கட்சியில நான் சேர மாட்டேன். அதுக்காக விமானத்த கெளப்புங்கன்னு சொல்ற கட்சியும் இல்ல. மேகம் மாறி மின்னல் பாதியாகும்னு சட்டம் போட்டப்போ யாரு பெருசா பேசினாங்க? தெரியாம செஞ்சதுக்கே இப்படின்னா, தெரிஞ்சே இன்னும் பெரிய அளவுல செய்யும்போது எதெது மாறும்னு யாரு கேரண்டி குடுக்குறது.

குளிர்ச்சி வந்தா நமக்கு லாபம் இல்லாம இல்ல, அத மறைக்கக் கூடாது. 2023 மே 13 அங் மோ கியோவுல 37 டிகிரி அடிச்சுது ஞாபகம் இருக்கும், 40 வருஷ ரெக்கார்டுக்கு சமம். அந்த வருஷம் அக்டோபர்லதான் மனிதவள அமைச்சு விதி கொண்டு வந்துச்சு, வெயிலையும் ஈரப்பதத்தையும் சேத்து அளக்குற அளவு 32 டிகிரி தொட்டா வெளியில கடினமான வேலை பாக்குறவங்களுக்கு மணிக்கு 10 நிமிஷமாவது ஓய்வு குடுக்கணும்னு. கடல் மட்டம் 2100க்குள்ள 1.15 மீட்டர் வரைக்கும் ஏறலாம்னு 2024 ஜனவரியில நம்ம வானிலை ஆராய்ச்சிக்காரங்க சொன்னாங்க, தீவுல 30 சதவீத நிலம் கடல் மட்டத்துக்கு மேல 5 மீட்டருக்கும் தாழ்வு, கரையோரப் பாதுகாப்புக்கு நூறு வருஷத்துல 10,000 கோடி வெள்ளியோ அதுக்கும் மேலயோ ஆகும்னு 2019லயே தேசிய தின பேச்சுல அப்போ பிரதமரா இருந்த லீ சியன் லூங் சொல்லிட்டார். இந்த நிலைமையில ஒருத்தன் வந்து "அரை டிகிரி குறைச்சுத் தர்றேன்"னு சொன்னா நாக்குல எச்சில் ஊறத்தான் செய்யும்.

எங்க புளோக்குக்கு பக்கத்துல கட்டுமான வேலை நடக்குது, அறந்தாங்கி பக்கத்துப் பையன் ஒருத்தன் கோப்பிக்கடையில பழக்கம். மத்தியானம் ஓய்வு நேரத்துல ஹெல்மெட்ட கழட்டினா தலையில இருந்து தண்ணி ஊத்தின மாதிரி வியர்வை வழியும், ஐஸ் மைலோ பாக்கெட்ட கழுத்துல வச்சுகிட்டு உக்காந்திருப்பான். அவன்கிட்ட இந்த விஷயத்த சொன்னேன், வெயில குறைக்குறதுக்கு ஒரு வழி யோசிக்குறாங்கப்பான்னு. "பண்ணட்டுமேண்ணே, சீக்கிரம் பண்ணச் சொல்லுங்க"ன்னான். ஊர்ப் பக்கம் தென்மேற்கு பருவமழை கொறையலாம்னு சொல்றாங்கன்னதும் மைலோவ கீழ வச்சுட்டான். அவங்க நிலம் கல்லணைக் கால்வாய் கடைமடை, மேட்டூர்ல தண்ணி நல்லா இருந்தாலே அங்க வந்து சேருறதுக்குள்ள பாதியாகும். "அப்போ எனக்கு இங்க நெழலு, எங்கப்பாவுக்கு அங்க வறட்சியாண்ணே?"

அவன் கேட்டதுக்கு நேரா பதில் சொல்ல என்னால முடியல, விஞ்ஞானிங்களும் பட்டுன்னு சொல்ல மாட்டாங்க. பருவமழைங்குறது நிலம் கடல விட சீக்கிரம் சூடாகி கடல் காத்த உள்ள இழுக்குறதாலயும் வர்றது, வெளிச்சத்த குறைச்சா நிலத்தோட சூடு குறையும், இழுவையும் குறையும். பினாட்டுபோ வெடிச்ச அடுத்த வருஷம் உலகம் முழுக்க நிலத்து மேல பெஞ்ச மழையும் ஆத்துல ஓடின தண்ணியும் நல்லா கொறஞ்சிருந்துதுன்னு ஒரு ஆய்வு 2007ல வந்துச்சு. வடக்குப் பாதி உலகத்துல மட்டும் அடிச்சா பூமத்திய ரேகைப் பக்கத்து மழைப் பட்டை தெற்கே நகர்ந்து ஆப்பிரிக்காவுல சாஹேல் பக்கம் பஞ்சம் வரும்னு 2013ல இன்னொண்ணு. அதே சமயம் மழை மொத்தமா நின்னுடும்னு பயமுறுத்துறதும் சரியில்ல. வெப்ப உயர்வ முழுசா ஈடுகட்டாம பாதி மட்டும் குறைச்சா பெரும்பாலான இடத்துல தண்ணி நிலைமை மோசமாகாது, சில இடத்துல நல்லாவே இருக்கும்னு 2019ல ஒரு ஆய்வு காட்டுச்சு. எங்க அடிக்கிறாங்க, எவ்வளவு அடிக்கிறாங்க, எந்த மாசம் அடிக்கிறாங்க, இதெல்லாம் பொறுத்து மாறும். அதாவது அந்த மூணு கேள்விக்கும் பதில் முடிவு பண்றவன் கையில கடைமடைத் தண்ணி இருக்கும். அவன் அறந்தாங்கியில ஓட்டு கேட்டு வரப் போறவன் இல்ல.

இன்னொரு சிக்கல், ஆரம்பிச்சா நிறுத்த முடியாது. கந்தகம் ஒண்ணு ரெண்டு வருஷத்துல இறங்கிடும், கரியமில வாயு நூத்துக்கணக்கான வருஷம் நிக்கும். மேல நிழல போட்டுட்டு கீழ புகைய விட்டுகிட்டே இருந்தோம்னா உள்ள சூடு சேர்ந்துகிட்டே போகும், நடுவுல போரோ பொருளாதார நெருக்கடியோ வந்து விமானம் நின்னுடுச்சுன்னா இத்தனை வருஷம் மறைச்சு வச்ச சூடு பூரா பத்து இருபது வருஷத்துல மொத்தமா வந்து இறங்கும். மெதுவா வந்தா பயிரோ மரமோ பவளமோ ஓரளவு தாங்கும், இப்படி வந்தா தாங்காது. பவளம்னதும் சொல்லணும், கடல் அமிலமாகுறத இந்த நிழல் ஒண்ணுமே பண்ணாது, தொழிற்புரட்சிக்கு அப்புறம் கடலோட அமிலத்தன்மை 30 சதவீதம் கிட்ட ஏறியிருக்கு, நம்ம சிஸ்டர்ஸ் ஐலண்ட் பவளத்துக்கும் அதே கடல்தான். ஓசோன் ஓட்டை ஆறுறதும் தள்ளிப்போகும்.

இதையெல்லாம் யோசிச்சு நிதானமா போவாங்கன்னு நம்பலாமா? 2022ல ஒரு அமெரிக்க குட்டிக் கம்பெனி மெக்சிகோவுல பாஹா கலிபோர்னியா பக்கம் கந்தகத்தோட ரெண்டு பலூன பறக்கவிட்டாங்க, யார்கிட்டயும் அனுமதி கேக்கல, இவ்வளவு குளிர வச்சோம்ங்குறதுக்கு சான்று மாதிரி கூலிங் கிரெடிட்னு பேர் வச்சு இன்டர்நெட்ல விலைக்கும் வித்தாங்க. மெக்சிகோ அரசாங்கம் 2023 ஜனவரியில இனிமே இதெல்லாம் கூடாதுன்னு சொல்லிடுச்சு. இன்னொரு பக்கம் ஹார்வர்டுகாரங்க ஸ்வீடன்ல கிரூனாவுல பலூன் கருவிய மட்டும் சும்மா பறக்க விட்டுப் பாக்கலாம், எந்தத் துகளும் போட மாட்டோம்னு 2021ல திட்டம் போட்டாங்க, அங்கத்த சாமி பழங்குடி மக்கள் எங்கள கேக்கவே இல்லன்னு எதிர்த்தாங்க, நின்னுடுச்சு, 2024 மார்ச்ல திட்டத்தையே கைவிட்டுட்டாங்க. அதே வருஷம் கலிபோர்னியாவுல அலமேடா ஊர்ல பழைய விமானந்தாங்கிப் போர்க்கப்பலோட மேல்தளத்துல உப்புத் துளி தெளிச்சு மேகத்த வெளுப்பாக்க முடியுமான்னு சோதனை ஆரம்பிச்சாங்க, நகர நிர்வாகத்துக்கு முன்கூட்டி சரியா சொல்லலன்னு மே மாசம் நிறுத்த வச்சாங்க, ஜூன்ல நகர மன்றமும் கூடாதுன்னுடுச்சு. பாருங்க வேடிக்கைய, ஒழுங்கா பேப்பர் எழுதி கமிட்டி வச்சு பண்ணவங்க நின்னுட்டாங்க, கேக்காம பண்ணவன் பலூன் வித்துட்டான். 2025ல பிரிட்டன் அரசாங்கத்தோட ஆரியா அமைப்பு 5.7 கோடி பவுண்டு கிட்ட ஆராய்ச்சிக்கு ஒதுக்கியிருக்கு, ஸ்டார்டஸ்ட்ங்குற தனியார் கம்பெனிக்கு முதலீட்டாளருங்க 6 கோடி அமெரிக்க டாலர் குடுத்திருக்காங்க. முதலீடு போட்டவன் லாபம் கேப்பான், லாபம் வேணும்னா வானத்துல அடிச்சாகணும், இது எனக்கு சரியா படல.

சட்டம் இருக்கான்னா, உருப்படியா ஒண்ணும் இல்ல. 2010ல நகோயாவுல உயிரியல் பன்மய மாநாட்டுல பெரிய அளவுல பண்ண வேண்டாம்னு ஒரு தீர்மானம் போட்டாங்க, யாரையும் கட்டுப்படுத்தாது, அமெரிக்கா அந்த ஒப்பந்தத்துலயே இல்ல. 2024 பிப்ரவரி கடைசியில நைரோபியில ஐநா சுற்றுச்சூழல் மன்றத்துல சுவிட்சர்லாந்து ஒரு தீர்மானம் கொண்டு வந்துச்சு, ஒரு நிபுணர் குழு போட்டு ஆராயலாம்னுதான், அதுக்கே ஒத்துப்போகாம வாபஸ் வாங்கிட்டாங்க.

இந்த இடத்துலதான் சிங்கப்பூர்க்காரனுக்கு ஒரு அனுபவம் இருக்குன்னு நான் நினைக்குறேன், இந்தோனேசியாவுல காட்டையும் தோட்டத்தையும் எரிக்குறதால வர்ற புகைமூட்டம். 1997ல ஊரே மூச்சு முட்டிச்சு. இத தடுக்க ஆசியான் ஒப்பந்தம் கையெழுத்தானது 2002ல. அதுல இந்தோனேசியா முறைப்படி சேர்ந்தது 2014ல. நடுவுல 2013 ஜூன் 21 மத்தியானம் நம்ம காத்துத் தூய்மைக்கேடு குறியீடு 401 தொட்டுச்சு, 300 தாண்டினாலே அபாயம், பார்மசியில என்95 மாஸ்க்குக்கு வரிசை, எதிர் புளோக் கண்ணுக்குத் தெரியல, டெக்ல நின்னா பக்கத்து கப்பல் தெரியாம ஹாரன் அடிச்சு அடிச்சு வேலை பாத்தோம். எங்க எரியுதுன்னு சாட்டிலைட்ல புள்ளி புள்ளியா தெரியுது, எந்தத் தோட்டம்னு தெரியுது, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு தெரியுது, அப்படி இருந்தும் ஒரு காகிதத்துல எல்லாரும் கையெழுத்து போட 17 வருஷம். இதுல ஸ்ட்ராட்டோஸ்பியர்ல ஒருத்தன் போட்ட துகளால எந்த ஊர்ல எந்த வருஷம் மழை தவறிச்சுன்னு எந்தக் கோர்ட்டுல நிரூபிக்குறது? வறட்சி சாதாரணமாவே வரும், அவன் "இது இயற்கை"ன்னு சொல்லிட்டு போயிடுவான். 2024 ஏப்ரல்ல துபாய்ல வெள்ளம் வந்தப்போ மேக விதைப்புதான், அதாவது மழைக்காக மேகத்துல உப்புத் துகள் தூவுறதுதான் காரணம்னு ஊரெல்லாம் பேசிச்சு, விஞ்ஞானிங்க இல்லன்னாங்க, இன்னைக்கும் பாதிப் பேர் நம்பல. மேக விதைப்புங்குறது இதோட ஒப்பிட்டா சின்ன சமாச்சாரம், அதுக்கே இந்த சந்தேகம்னா ரெண்டு அணு ஆயுத நாட்டுக்கு நடுவுல ஒரு வருஷம் மழை பொய்ச்சா என்ன நடக்கும்னு யோசிங்க.

ஜியோஇன்ஜினியரிங்னாலே எல்லாம் ஒண்ணுதான்னு சேத்து திட்டுறவங்களும் உண்டு, அதுவும் தப்பு. வெளிச்சத்த தடுக்குறது வேற, காத்துல இருக்குற கரியமில வாயுவ வெளிய எடுக்குறது வேற. ரெண்டாவது வகை நம்ம துவாஸ்லயே நடக்குது. பொதுப் பயனீட்டுக் கழகத்தோட சேர்ந்து ஈகுவாட்டிக்ங்குற கம்பெனி கடல்தண்ணியில மின்சாரத்த பாய்ச்சி, கரியமில வாயுவ சுண்ணாம்புக் கல் மாதிரியான திடப்பொருளாவும் தண்ணியில கரைஞ்ச உப்பாவும் மாத்துறாங்க, கூடவே ஹைட்ரஜனும் கிடைக்குது. 2023ல சின்ன அளவுல சோதனை, 2024 பிப்ரவரியில 2 கோடி அமெரிக்க டாலர்ல பெரிய பிளாண்ட் கட்டப் போறதா அறிவிச்சாங்க, ஒரு நாளைக்கு 10 டன், வருஷத்துக்கு 3,650 டன் எடுக்குற அளவு. இதுல மழைக்கு ஆபத்து இல்ல, திடீர்னு நிறுத்தினாலும் சூடு பாய்ஞ்சு வராது, எனக்கு இது பிடிச்சிருக்கு. ஆனா கணக்கு போட்டுப் பாத்தா மலைப்பா இருக்கு. உலகம் எரிபொருள்ல இருந்து விடுற கரியமில வாயு வருஷத்துக்கு 3,700 கோடி டன்னுக்கு மேல, அப்போ அந்த மாதிரி பிளாண்ட் ஒரு கோடி வேணும். நம்ம நாட்டுக்கு மட்டும்னாலே 16,000 கிட்ட, துவாஸ்ல இடம் ஏது. பிளாண்டுக்கு வேணும்ங்குற மின்சாரமும் நம்ம ஊர்ல 95 சதவீதம் இயற்கை எரிவாயுவுல இருந்துதான் வருது, அதையும் கழிச்சுதான் லாபம் பாக்கணும்.

அதனால புகைய குறைக்குற வேலைக்கு இதுல எதுவுமே மாத்து இல்லன்னு ஆராய்ச்சி பண்றவங்களே சொல்றாங்க. ஆனா கேக்குறவங்க காதுல அது விழுமாங்குறதுதான் சந்தேகம். நம்ம ஊர்ல பெரிய ஆலைங்க விடுற கரியமில வாயுவுக்கு கட்டுற கரிம வரி 2019ல டன்னுக்கு 5 வெள்ளி, 2024ல 25, 2026ல 45ன்னு ஏறியிருக்கு, ஜூரோங் தீவுல இருக்குற எண்ணெய் ஆலைங்களுக்கு அது கசக்குது. "வானத்துல நிழல் போட்டுக்கலாம், வரிய கொஞ்சம் தள்ளி வைங்க"ன்னு என்னைக்காவது ஒரு நாள் யாராவது நாசூக்கா ஆரம்பிப்பாங்க. எண்ணெய் வித்த காசுல வீடு வாங்கி பிள்ளைங்கள படிக்க வச்சவன்ங்குறதால சொல்றேன், எங்க தொழில்ல தள்ளிப் போடுறதுக்கு ஒரு சாக்கு கிடைச்சா யாரும் விட மாட்டாங்க.

சிங்கப்பூர் என்ன பண்ணணும்னு கேட்டா, என் புத்திக்கு எட்டினது இது. விமானத்த விட்டு அடிக்குறதுக்கு இப்ப யாரும் ஆரம்பிக்கக் கூடாதுன்னு ஐநாவுல நம்ம நாடு தெளிவா சொல்லணும், முக்கியமா தனியார் கம்பெனி கிரெடிட் வித்து பண்றதுக்கு. அதே மூச்சுல ஆராய்ச்சிக்கு கதவ மூடக் கூடாது, பூமத்திய ரேகைக்கு பக்கத்துல இருக்குற நம்ம பகுதியில மழை எப்படி மாறும்னு நம்ம ஆளுங்களே கணக்கு போடணும், இந்தோனேசியா, இந்தியா ஆராய்ச்சிக்காரங்களோட சேர்ந்து போடணும், முடிவ ஒளிக்காம வெளியிடணும். லண்டன்லயும் பாஸ்டன்லயும் ஓடுற மாடல நம்பி நாம முடிவெடுக்குற நிலைமை வரக் கூடாது. ஆசியான்ல புகைமூட்டத்துக்கு பட்ட பாட்ட முன்னால வச்சு, யாராவது இந்த வட்டாரத்து வானத்துல சோதனை பண்ணணும்னா முன்கூட்டியே எல்லா நாட்டுக்கும் சொல்லணும், பாதிப்பு வந்தா யாரு காசு குடுக்குறதுன்னு முதல்லயே எழுதணும்னு ஒரு விதி கொண்டு வரணும். அமெரிக்காவுல டென்னசி 2024லயும் புளோரிடா 2025லயும் மொத்தமா தடைச் சட்டம் போட்டிருக்காங்க, அதுல பாதி அந்த வெள்ளைக்கோடு வாட்ஸப் புரளியில பிறந்தது, அந்த மாதிரி சட்டம் நமக்கு வேண்டாம்.

உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். கடல் ஏறி வர்றதத் தடுக்க கிழக்குக் கரையில கட்டப் போற லாங் ஐலண்ட் தீவப் பத்தி மக்கள்கிட்ட கருத்து கேக்குறாங்க, நல்லது. இந்த விஷயத்துக்கும் நம்ம பருவநிலை ஆராய்ச்சி நிலையத்துல இருந்து யாரையாவது கூட்டிட்டு வந்து உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையத்துல தமிழ்ல ஒரு கேள்வி பதில் கூட்டம் வைங்க, ஸ்லைடு போட்டு ஒரு மணி நேரம் பேசிட்டு போற மாதிரி இல்லாம கேள்விக்கு நேரம் விடுங்க. ஞாயித்துக்கிழமையா பாத்து வைங்க, அன்னைக்குதான் தங்குவிடுதி பிள்ளைங்களுக்கு லீவு, தேக்காவுக்கு எப்படியும் வருவாங்க, அறந்தாங்கிப் பையன நானே கூட்டிட்டு வர்றேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பங்கர் ஊழியர்,
ஜூரோங் வெஸ்ட்